பயணச்சீட்டு முன்பே வேண்டும்

மண்டபம் முகாம்

அன்புள்ள தோழிக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பதில் எழுதாமல் இருந்ததற்கான திட்டுகளை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது அவசரம் வேறு.

நம் பாம்பன் பெண்ணின் ஆய்வை 2026 ஜூலையில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கூடும் பன்னாட்டுப் பவளப்பாறை மாநாட்டில் உரையாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். செய்தி வந்த அன்று ஆய்வகத்தில் எவருக்கும் கால் தரையில் பாவவில்லை. அந்த மாநாட்டு வரிசையின் முதல் கூட்டம் 1969-இல் இதே மண்டபம் முகாமில்தான் நடந்தது என்று வாத்தியார் வகுப்புதோறும் சொல்வதும், அதை நீ அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவதும் நினைவுக்கு வந்தன.

உதவித்தொகையும் கிடைத்துவிட்டது. விமானக் கட்டணம், பதிவுக் கட்டணம், விசாக் கட்டணம் எல்லாம் தருவார்கள். ஆனால் அவள் போய்த் திரும்பி, பற்றுச்சீட்டுகளையும் போர்டிங் பாஸையும் ஒப்படைத்த பிறகே தருவார்கள். லட்சத்தைத் தாண்டும் அந்தத் தொகையை அதுவரை யார் போடுவது? அவள் அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். சீட்டு எடுக்க வேண்டிய நாட்கள் முழுவதும் வருமானமில்லாத அந்த நாட்களுக்குள்ளேயே விழுகின்றன. விசாவுக்கு வங்கி இருப்பு வேறு காட்ட வேண்டுமாம். மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்கே தவணை பாக்கி வைத்திருக்கும் அவள் அம்மா, இன்னொரு கடன் கேட்டுப் பார்க்கட்டுமா என்று என்னிடம் கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

சம்பளம் வாங்கும் நமக்கு அலுவல் பயணத்திற்கு முன்பணம் உண்டு. கையில் காசில்லாத மாணவிக்கு அது இல்லை என்பதை நீ இருக்கும் உதவித்தொகைக் குழுவில் தயவுசெய்து உரக்கச் சொல். அமெரிக்காவில் மெக்சிக்க வம்சாவளியினரும் பூர்வகுடியினருமான அறிவியலாளர்கள் 1973-இல் தொடங்கிய சாக்னாஸ் அமைப்பு, மாணவர்களின் பயணம், தங்குமிடம், பதிவு ஆகியவற்றுக்கே தனி உதவித்தொகை வைத்திருக்கிறது. விமானச்சீட்டை உதவித்தொகை தரும் நிறுவனமே நேரடியாக எடுத்துக் கொடுத்துவிட்டால் நம் பிள்ளைகளின் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

மீதிக் கவலை அங்கே போன பிறகுதான் தொடங்கும். நீயும் போகிறாய் அல்லவா? அவள் பேசும் அமர்வில் முன்வரிசையில் உட்கார். தேநீர் இடைவேளையில் அவளைத் தனியே நிற்க விடாதே. கடல் சூடேறிப் பவளங்கள் நிறமிழக்கும் பவள வெளுப்பை ஆராய்கிறவர்களிடம் அழைத்துப் போய்ப் பேச வை. எந்தப் பார் (பவளத்திட்டு) எந்த ஆண்டில் வெளுத்தது, எதில் மீண்டும் உயிர் வந்தது என்று அவள் அம்மாவும் அத்தைமாரும் நினைவிலிருந்து சொன்னதை எழுதிக்கொண்டு, பிறகு தானே மூழ்கி அளந்து சரிபார்த்தவள் அவள். அந்த அறிவை அவர்கள் கேட்க வேண்டும்.

பதிவுக் கட்டணத்தை நான் கட்டிவிட்டேன். விமானச்சீட்டுக்கு நம் பழைய வகுப்பினரிடம் கடனாகக் கேட்கலாம். உதவித்தொகை வந்ததும் அந்தப் பணம் அடுத்துப் போகும் பிள்ளைக்குப் போகட்டும். கணக்கை மீசைக்காரர் பார்த்துக்கொள்வார், பத்துப் பைசா பிசகாது. பட்டியலில் உன் பெயரை முதலில் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடு.

அன்புடன்,
உன் மண்டபத்துத் தோழி