“அந்தப்படி மனைவிகளே” என்று வாசிக்கும் ஆயர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர்களுக்கும், சேகரக் கமிட்டியாருக்கும், ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களுக்கும்,

நான் திருநெல்வேலிச் சீமையின் ஒரு கிராமச் சபையில் ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தல் எடுத்து, பாடகர் குழுவில் நின்று பாடி வளர்ந்தவள். 2006இல் கிறிஸ்தவ விசுவாசத்தை விட்டு விலகினேன். விலகியதற்கான காரணங்கள் பல. அவற்றையெல்லாம் வாதாட இந்த மடலை எழுதவில்லை. நான் விலகிய பின்னும் என்னை விட்டு விலகாத சில வசனங்களைப் பற்றியும், அந்த வசனங்களை நீங்கள் இன்றும் யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள் என்பதைப் பற்றியுமே எழுதுகிறேன்.

விசுவாசம் போனால் வசனமும் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி நடக்கவில்லை. வேதபாடத் தேர்வுக்காக எட்டு வயதில் நெட்டுருப் போட்டது எலும்புக்குள் இறங்கிவிடுகிறது. அலுவலகக் கூட்டத்தில் ஒருவரை மறுத்துப் பேச வாயெடுக்கும்போது, “அவள் அமைதலாயிருக்கவேண்டும்” என்று பெண்ணைப் பற்றிச் சொல்லும், புதிய ஏற்பாட்டின் தீமோத்தேயு நிருபத்தின் வரி எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. சபையை விட்டு இரண்டு ஆண்டுகள் கழித்துப் பிரசவ அறையில் கிடந்தபோது, வலியின் உச்சத்தில் என் காதில் கேட்டது ஆதியாகமம் மூன்றாம் அதிகாரம்: “வேதனையோடே பிள்ளை பெறுவாய்.” நம்பிக்கையே இல்லாத நான், இந்த வலி எனக்கு உரியதுதான் என்று அந்தக் கணத்தில் ஒப்புக்கொண்டேன். பிறந்தது பெண் குழந்தை. லேவியராகமம் பன்னிரண்டாம் அதிகாரத்தின் கணக்கும் உடனே நினைவுக்கு வந்தது: ஆண் பிள்ளை பெற்றவளுக்குச் சுத்திகரிப்பு முடிய 40 நாள், பெண் பிள்ளை பெற்றவளுக்கு 80 நாள். மகளை முதன்முதலாக மார்பில் ஏந்தும் ஒருத்தியின் மனத்தில் இந்தக் கூட்டல் ஏன் ஓடவேண்டும்?

இனி என் சித்தியைப் பற்றிச் சொல்கிறேன். 1989இல், எனக்குப் பதினோரு வயது. ஒரு மாலை சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து அடுக்களையின் ஓரத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். இடது கையில் வளையல் ஒன்றுகூட இல்லை. உடைந்த கண்ணாடி கிழித்த கோடுகள் மணிக்கட்டில் இருந்தன. முழங்கை நீலம் பாரித்திருந்தது. அப்பா ஆயரை அழைத்து வந்தார். ஆயர் கெட்ட மனிதர் அல்லர்; சித்தியின் நிலையைப் பார்த்து அவர் கண்கள் கலங்கியதை நான் கண்டேன். ஆனாலும் வேதத்தைத் திறந்து, பேதுரு முதலாம் நிருபம் மூன்றாம் அதிகாரத்தை வாசித்தார். புருஷன் வசனத்துக்குக் கீழ்ப்படியாதவனாக இருந்தாலும், மனைவி தன் நடக்கையினாலேயே அவனை விசுவாசத்துக்கு ஆதாயப்படுத்திக்கொள்ளலாம் என்று விளக்கினார். ஜெபம் செய்தார். மறுநாள் முதல் பேருந்தில் சித்தி திரும்பிப் போனாள். பேருந்து நிறுத்தம் வரை அவளுடைய பையைத் தூக்கிச் சென்றவள் நான்.

போகாமல் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பீர்கள். உண்மைதான், சட்டமும் அன்று அவளுக்குத் துணை நிற்கவில்லை. கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தில், கணவன் மனைவியின் விபசாரத்தை நிரூபித்தாலே போதும். மனைவியோ விபசாரத்தோடு கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்து நிரூபிக்கவேண்டும். அடித்தான் என்பது மட்டும் மணமுறிவுக்குப் போதாது. 2001இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் சட்டத்திடம் நாங்கள் அன்று ஆறுதல் கேட்டுப் போகவில்லை. உங்களிடம்தான் கேட்டோம்.

பல ஆண்டுகள் கழித்து, அந்த அதிகாரத்தை நானாகவே ஒரு முறை வாசித்தேன். மூன்றாம் அதிகாரம் “அந்தப்படி மனைவிகளே, உங்கள் சொந்தப் புருஷர்களுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்” என்று தொடங்குகிறது. எந்தப்படி? அதைத் தெரிந்துகொள்ள முந்திய அதிகாரத்துக்குப் போகவேண்டும். அங்கே வேலைக்காரருக்கு ஒரு கட்டளை இருக்கிறது: நல்ல எஜமான்களுக்கு மட்டுமல்ல, முரட்டுக்குணமுள்ளவர்களுக்கும் பயத்துடனே கீழ்ப்படியுங்கள். தமிழில் ‘வேலைக்காரர்’ என்று மென்மையாக வரும் அந்தச் சொல், மூலத்தில் வீட்டு அடிமைகளைக் குறிப்பது. அநியாயமாக அடிபட்டும் பொறுத்துக்கொண்டால் அதுவே தேவனுக்கு முன்பாகப் பிரீதி என்று அடிமைக்குச் சொல்லிவிட்டு, கிறிஸ்துவின் பாடுகளை அவனுக்கு முன்மாதிரியாக வைத்துவிட்டு, அடுத்தபடியாக, அந்தப்படியே, மனைவியிடம் திரும்புகிறது நிருபம். கணவர்களுக்கும் ஏழாம் வசனத்தில் ஒரு வார்த்தை இருக்கிறது என்பதை நான் மறைக்கவில்லை. மனைவியைப் பெலவீன பாண்டம் என்று எண்ணி விவேகத்தோடு வாழச் சொல்கிறது அது, கீழ்ப்படியச் சொல்லவில்லை.

ஐயா, எஜமானிடம் அடிவாங்கி வந்து உங்கள் வாசலில் நிற்கும் ஒரு கூலித் தொழிலாளிக்கு முந்திய அதிகாரத்தின் பதினெட்டாம் வசனத்தை நீங்கள் வாசித்துக் காட்டுவீர்களா? மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அவனைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போவீர்கள். அடிமைத்தனம் பாவம் என்று உங்கள் மனச்சாட்சி தீர்ப்புச் சொல்லிவிட்டது; அந்த வசனம் வேதத்தில் இருந்தபடியே இருக்க, நீங்கள் அதைக் கடந்து வந்துவிட்டீர்கள். அதைப்போலவே தீமோத்தேயுவின் வசனத்தையும் கடந்திருக்கிறீர்கள். உபதேசம் பண்ணப் பெண்ணுக்கு உத்தரவில்லை என்று எழுதியிருந்தும், தென்னிந்தியத் திருச்சபை பல ஆண்டுகளாகப் பெண்களைக் குருப்பணிக்கு அபிஷேகம் செய்கிறது. 2013இல் நந்தியால் திருமண்டலத்துக்குப் புஷ்ப லலிதா பேராயராகவே ஆனார். அந்தச் செய்தி கேட்டபோது, வெளியில் நின்ற எனக்கும் தொண்டை அடைத்தது. ஆக, எந்த வசனத்தைக் கைக்கொள்வது, எதை வைத்துவிட்டு நடப்பது என்று நீங்கள் தீர்மானித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அந்தத் தீர்மானத்தைப் பீடத்தில் நின்று வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதே என் குறை. சொல்லாததால், வீட்டுக்குள் அந்த வசனங்கள் முழு அதிகாரத்தோடு உலவுகின்றன.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நியாயாதிபதிகள் பத்தொன்பதாம் அதிகாரத்தைப் பற்றி என் இருபத்தெட்டு ஆண்டுச் சபை வாழ்க்கையில் ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை. கிபியா என்ற ஊரில், ஆசாரிய ஊழியம் செய்யும் லேவி கோத்திரத்தைச் சேர்ந்த ஒரு லேவியன் தங்கிய வீட்டை ஊரார் வளைத்துக்கொள்கிறார்கள். அவன் தன் மறுமனையாட்டியை, அதாவது இரண்டாந்தர மனைவியை, பிடித்து வெளியே அவர்களிடம் விட்டுவிடுகிறான். இரா முழுதும் அவர்கள் அவளைச் சீரழிக்கிறார்கள். விடியும்போது அவள் வந்து, கைகளை வாசற்படியின்மேல் வைத்தபடி விழுந்து கிடக்கிறாள். அவன் கதவைத் திறந்து, “எழுந்திரு, போவோம்” என்கிறான். பதில் இல்லை. அவளைக் கழுதையின்மேல் போட்டுக்கொண்டு போய், பன்னிரண்டு துண்டாக்கி இஸ்ரவேலின் எல்லைகளுக்கெல்லாம் அனுப்புகிறான். அந்த அதிகாரம் முழுவதிலும் அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவளுக்குப் பெயரும் இல்லை. அடுத்த அதிகாரத்தில் கூடிய ஜனங்களிடம் நடந்ததைச் சொல்லும் லேவியன், அவளை வெளியே விட்டது தன் கைதான் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறான். இதைக் கொடுமை என்றே வேதம் காட்டுகிறது என்பீர்கள். காட்டட்டும். அப்படியானால் அவளுக்காக ஒரு ஞாயிறாவது ஏன் யாரும் அழவில்லை?

இயேசு பெண்களை உயர்த்தினார் என்று எனக்குப் பல முறை சொல்லப்பட்டிருக்கிறது. கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் அவர் பேசிய நீண்ட உரையாடலை நான் இன்றும் நேசிக்கிறேன். ஆனால் கல்லறையிலிருந்து ஓடிவந்து மகதலேனா மரியாளும் மற்றப் பெண்களும் சொன்ன சாட்சி, அப்போஸ்தலருக்கு வீண்பேச்சாகத் தோன்றியது என்று லூக்காவே எழுதிவைத்திருக்கிறார். என் சித்தி பேசியபோதும் அதுதான் நடந்தது.

உங்கள் சபை எனக்குத் தந்தவற்றை நான் மறக்கவில்லை. 1778இல் ஞானஸ்நானம் பெற்ற பிராமண விதவை குளோரிந்தா பாளையங்கோட்டையில் கட்டிய ஆலயம் 1785இல் பிரதிஷ்டை ஆனது. பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே ஊர் அதற்குப் பெயர் வைத்தது. நம் சீமையின் சபை வரலாறே ஒரு பெண்ணின் கையிலிருந்துதான் தொடங்குகிறது. என் பாட்டி எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றதும் மிஷன் பள்ளியில்தான். அவள் வாசிக்கக் கற்றதால் என் அம்மா கற்றாள்; அம்மா கற்றதால், இந்த வசனங்களையெல்லாம் நானே திறந்து பார்க்க முடிந்தது. அந்த நன்றியோடுதான் கேட்கிறேன்.

அடுத்த குடும்ப ஞாயிறில், பேதுருவின் நிருபத்தை இரண்டாம் அதிகாரம் பதினெட்டாம் வசனத்திலிருந்து நிறுத்தாமல் வாசியுங்கள். அடிமைக்குச் சொன்னதை இன்று யாருக்கும் சொல்லமாட்டோம் என்றும், அதே காரணத்தால் அடிவாங்கும் மனைவிக்கு மூன்றாம் அதிகாரத்தையும் சொல்லமாட்டோம் என்றும் அங்கேயே அறிவியுங்கள். ஒருத்தி உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால், இன்றிரவு திரும்பிப் போவது அவளுக்குப் பாதுகாப்பா என்பதை முதலில் கேளுங்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார் என்பதையும், 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் ஆராதனை அறிவிப்புகளோடு சேர்த்து வாசியுங்கள். ஜெபம் அதற்குப் பிறகு செய்யலாம்.

சித்தி இப்போது தனியாக இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் முக்காடிட்டு, பெண்கள் பக்கத்தில் மூன்றாம் பெஞ்சில் உட்காருகிறாள். சென்ற மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவளுடைய பழைய வேதாகமத்தைப் புரட்டிப் பார்த்தேன். “அந்தப்படி மனைவிகளே” என்ற வசனத்தின் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். ஓரத்தில் 1989 என்று எழுதியிருந்தாள். முந்திய அதிகாரத்தில் கோடு எதுவும் இல்லை. அதை அவளுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை.

இப்படிக்கு,
உங்கள் சபைப் பதிவேட்டில் பெயருள்ள ஒரு மகள்