டிரெய்லர் பக்கத்தில் நின்று உதவிய தம்பிக்கு நன்றி

அமெச்சூர் டிரெசாஜ் (குதிரையை நளினமாக, துல்லியமாக நடத்திக் காட்டும் சவாரி) போட்டி முடிந்து வீடு திரும்பும் நேரம். என் குதிரை டிரெய்லரில் ஏற மறுத்து ஒரு மணி நேரமாக நின்றது. எனக்கு 61 வயது. கை ஓய்ந்து, அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள், தம்பி. கயிற்றை இழுக்கவில்லை, சாட்டையைத் தேடவில்லை. "உள்ளே இருட்டும்மா. வெயிலிலிருந்து இருட்டுக்குப் பழக, குதிரையின் கண்ணுக்கு நம்மைவிட நேரமாகும்" என்றீர்கள். வண்டியைத் திருப்பச் சொல்லி, முன்கதவைத் திறந்து வெளிச்சம் விட்டீர்கள். நடுத்தடுப்பை நகர்த்தி இடத்தைப் பெரிதாக்கினீர்கள். அப்புறம் சும்மா காத்திருந்தோம். ஒரு காலை வைத்தது, பின்வாங்கியது, மறுபடி வைத்தது. அது முன்னே வந்த ஒவ்வொரு முறையும் கயிற்றைத் தளர்த்தினீர்கள். இருபது நிமிடத்தில் தானாகவே ஏறிவிட்டது!

"இந்த வயதில் எதற்கு?" என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்தவள் நான். நீங்களோ, ஜப்பானின் ஹிரோஷி ஹோகெட்சு 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 71 வயதில் டிரெசாஜ் சவாரி செய்ததைச் சொன்னீர்கள். பெயரைக் கேட்பதற்குள் போய்விட்டீர்கள்.

இருட்டிய பிறகு வீடு சேர்ந்தோம். இறங்கியதும் வாளித் தண்ணீரைக் குடித்துவிட்டு, அமைதியாகப் புல் மேயத் தொடங்கியது. ரொம்ப நன்றி, தம்பி.