பத்தோலியை அதன் கடவுளோடு சேர்த்தே பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் பழங்காலப் பலகை விளையாட்டுகளைப் பற்றி வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அதில் மெக்சிகோவின் பத்தோலி விளையாட்டு, நம் தாயமும் சொக்கட்டானும் கடல் கடந்து சென்று பெற்ற மறுவடிவமே என்று முடிந்த முடிவாக எழுதப்பட்டிருந்தது. அந்த விளையாட்டை ஆடிய மக்கள் அதில் எதைக் கண்டார்கள் என்பதற்கோ ஒரு வரிகூட இல்லை. இந்த இரண்டைக் குறித்தும் சில செய்திகளைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கடல் கடந்த கதை புதியதன்று. ஆங்கிலேய மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் 1878இல் வாசித்த ஒரு கட்டுரையில், பத்தோலிக்கும், சொக்கட்டான் வகையைச் சேர்ந்த இந்தியாவின் பச்சீசி ஆட்டத்துக்கும் உள்ள ஒற்றுமைகளை எடுத்துக்காட்டி, அது ஆசியாவிலிருந்து சென்றிருக்கக்கூடும் என்று வாதிட்டார். சிலுவை வடிவக் கட்டம், சோழிபோல் இருபுறமும் வேறுபடும் அவரைக்கொட்டைகள், விழும் எண்ணுக்கு ஏற்ப நகரும் காய்கள் ஆகியவை அவருடைய சான்றுகள். 1950இல் அமெரிக்க மானிடவியலாளர் சார்லஸ் எராஸ்மஸ் இந்த வாதத்தை மீண்டும் எடுத்து ஆராய்ந்தார். பகடை போட்டுக் காய் நகர்த்தும் ஆட்டத்தை எத்தனை விதமாக அமைக்க முடியும் என்பதற்கே ஓர் எல்லை உண்டாகையால், இரண்டு இடங்களில் தனித்தனியே ஒத்த வடிவம் தோன்றுவது வியப்புக்குரியதுதானா என்ற கேள்வியை அவர் முன்வைத்தார். பச்சீசிக்குப் பலரும் எடுத்துக்காட்டும் ஃபதேபூர் சிக்ரி முற்றத்துக் கட்டம் அக்பர் காலமான 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆனால் மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் வடபகுதியில், நாச்துன் என்ற பழங்கால மாயா மக்களின் நகரில், சிவந்த மட்பாண்டச் சில்லுகளைத் தரைச்சாந்தில் பதித்து அமைத்திருந்த பத்தோலிக் கட்டத்தை ஆய்வாளர்கள் ஏறக்குறைய 5ஆம் நூற்றாண்டினது எனக் கருதுகின்றனர். மற்ற பல கட்டங்களைப்போல் கட்டி முடித்த தரையில் பின்னர் கீறப்பட்டதாக அல்லாமல், தரையை அமைக்கும்போதே பதிக்கப்பட்டது என்பது அதன் தனிச்சிறப்பு. மெக்சிகோவின் தியோத்திவாக்கான், குவாத்தமாலாவின் திக்கால் முதலிய பழைய ஊர்களிலும் கோயில், அரண்மனைகளின் சுண்ணச் சாந்துத் தரைகளில் இத்தகைய கட்டங்கள் காணப்படுகின்றன. இவ்வளவு ஆழமான வேர் கொண்ட ஒன்றை இரவல் என்று சொல்வதற்கு, வடிவ ஒற்றுமையைவிட வலுவான சான்று வேண்டும்.

எனக்கு இதைவிட வருத்தம் தருவது, விளையாட்டின் உள்ளடக்கம் விடுபட்டுப்போனதுதான். ஸ்பானியர் வருமுன் மெக்சிகோவில் ஆண்ட அஸ்டெக் மக்களிடையே பத்தோலி எப்படி ஆடப்பட்டது என்பதை, ஸ்பானியர் வருகைக்குப் பின் அங்கு வாழ்ந்த பெர்னார்டினோ தே சஹாகுன், டியகோ துரான் என்ற இரு பாதிரியார்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கோரைப்பாய் போன்றதொரு பாயின்மேல், உருக்கிய ரப்பர்ப் பாலால் பெரிய பெருக்கல் குறிபோல் கோடுகள் இழுத்துக் கட்டம் வரைவார்கள். மழைத் தெய்வத்துக்குப் படைக்கும் தாள்களில் தெளிக்கப்பட்டதும், கோயிலை அடுத்த களங்களில் ஆடிய புனிதப் பந்தாட்டத்தின் பந்து செய்யப்பட்டதும் அதே ரப்பரால்தான். ஆகவே பாயில் விழுந்த அந்தக் கறுப்புக் கோடுகள் அவர்கள் கண்ணுக்கு வெறும் கோடுகளாகத் தெரிந்திருக்க முடியாது என்றே நான் எண்ணுகிறேன். காய்களாகச் சிவப்பும் நீலமுமான பன்னிரண்டு சிறு கற்கள் இருந்தன. பகடையாகக் குறியிட்ட பெரிய அவரைக்கொட்டைகள் பயன்பட்டன. அவை மூன்றா, நான்கா, ஐந்தா என்பதில் பழைய குறிப்புகள் வேறுபடுகின்றன.

சூதாடிகள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கொட்டைகளைச் சிறு துணியில் முடிந்துகொண்டு ஊரெங்கும் திரிந்தார்கள் என்று துரான் எழுதுகிறார். ஆட்டம் தொடங்கும் முன் அந்தக் கொட்டைகளையும் பாயையும் உயிருள்ளவைபோல் எண்ணிப் பேசுவார்கள், தங்களுக்குத் துணை நிற்குமாறு இரந்து கேட்பார்கள், அவற்றின்முன் நறும்புகை இடுவார்கள், உணவும் படைப்பார்கள். பிறகு கொட்டைகளை உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்துப் பாயில் எறியும்போது மக்குயில்ஷோச்சிட்ல் என்ற தெய்வத்தின் பெயரை உரக்கக் கூவுவார்கள். விளையாட்டுக்கும் இசைக்கும் ஆடலுக்கும் உரிய தெய்வம் அது. அதன் பெயருக்கு ஐந்து மலர் என்று பொருள். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகர நூலகத்தில் உள்ள மக்லியாபெக்கியானோ என்னும் ஓவியச் சுவடியில், பத்தோலி ஆடுவோரை அத்தெய்வம் அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி தீட்டப்பட்டுள்ளது.

அதே தெய்வம் அளவு மீறிய இன்பத்துக்குத் தண்டனை தரும் தெய்வமும் ஆகும். தன் திருவிழாவையொட்டிய நோன்பை முறித்தவர்களுக்கு மூலம் முதலிய மறைவிட நோய்களை அது தரும் என்ற நம்பிக்கையைச் சஹாகுன் பதிவு செய்திருக்கிறார். வீட்டையும் வயலையும் தானியக் களஞ்சியத்தையும் பணயம் வைத்து, எல்லாம் போனபின் தன்னையே அடிமையாக வைத்து ஆடித் தோற்றவர்களும் அங்கே இருந்தார்கள். ஆடுகிறவன் வேண்டிக்கொண்ட தெய்வத்திடமே அவன் அஞ்சவேண்டிய காரணமும் இருந்தது. இந்த இரட்டைத் தன்மைதான் பத்தோலியின் உயிர்நாடி என்பது என் கருத்து. எறிந்த கொட்டை ஒன்று படுக்காமல் விளிம்பில் நின்றுவிட்டால் அதைப் பெரும் அதிசயமாகக் கொண்டார்கள் என்றும், எறிந்தவர் பணயம் முழுவதையும் எடுத்துக்கொண்டார் என்றும் சஹாகுனின் நூலில் காண்கிறோம். திறமையாலும் பழக்கத்தாலும் வராத அந்த வெற்றி தெய்வம் கொடுத்தது என்றே அவர்கள் கொண்டிருக்க வேண்டும்.

கட்டங்களின் எண்ணிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பத்தோலிப் பலகையில் 52 சிறு கட்டங்கள் என்றே பல நூல்கள் கூறுகின்றன. அஸ்டெக் மக்களின் 260 நாள் சடங்கு நாட்காட்டியும் 365 நாள் ஆண்டும் தொடங்கிய இடத்தில் மீண்டும் சந்திப்பதற்கு 52 ஆண்டுகள் ஆகும். அந்தச் சுற்று முடியும் இரவில் ஊரின் நெருப்பையெல்லாம் அணைத்துவிட்டு, மலையுச்சியில் புது நெருப்புக் கடைந்து எடுத்தார்கள். ஸ்பானியர் வருமுன் கடைசியாக அது நடந்தது 1507இல். காய்கள் கட்டத்தைச் சுற்றி வருவதைக் காலச் சுழற்சியாகவும், நான்கு கரங்களையும் நடுவையும் நான்கு திசைகளும் உலகின் மையமுமாகவும் அறிஞர்கள் விளக்குவது இதனால்தான். ஆனால் அகழாய்வில் கிடைக்கும் பலகைகள் எல்லாவற்றிலும் சிறு கட்டங்கள் 52 அல்ல. நாச்துனில் 45 இருந்திருக்கும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. ஆகவே நாட்காட்டி விளக்கத்தை அஸ்டெக் காலத்துக்குப் பொருத்தமானதொரு விளக்கமாக ஏற்கலாம். மாயா நகரங்கள் அனைத்துக்கும் பொதுவிதியாக நீட்டக் கூடாது.

1521இல் அஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லான் வீழ்ந்தது. பத்தோலியில் விக்கிரக வழிபாட்டின் சாயல் இருப்பதாக ஐயுற்றதால் அது கைவிடப்பட்டது என்று சஹாகுனே எழுதுகிறார். ஆட்டத்தின் முழு விதிகளையும் யாரும் எழுதி வைக்கவில்லை. இன்று கடைகளில் விற்கும் பெட்டிகளில் உள்ள விதிகள் பிற்காலத்தவர் ஊகித்து அமைத்தவை. இருப்பினும் அதன் உறவு முற்றிலும் அற்றுப்போகவில்லை. 1920களில் மெக்சிகோ தொல்லியலாளர் அல்ஃபோன்சோ காசோ, பத்தோலியோடு தொடர்புடைய ஓர் ஆட்டம் புவெப்லா மலைப்பகுதியில் இன்னும் ஆடப்படுவதைப் பதிவு செய்தார். மிச்சோவாக்கான் மாநிலத்தின் புரேபெச்சா மக்கள் மரக்குச்சிகளைப் பகடையாக எறிந்து ஆடும் குயிலிச்சியை இன்றும் கைவிடவில்லை.

தாயக்கட்டையை உருட்டி வளர்ந்த நமக்கு, தொலைதூரத்து மக்களும் இப்படிக் காய் நகர்த்தியிருக்கிறார்கள் என்று அறிவது மகிழ்ச்சியளிக்கும். அந்த மகிழ்ச்சிக்கு அவர்கள் நம்மிடமிருந்து பெற்றிருக்க வேண்டிய அவசியம் இல்லை. கட்டுரைத் தொடரின் அடுத்த பகுதி வெளிவரும்போது, மக்லியாபெக்கியானோ சுவடியின் அந்தப் பத்தோலி ஓவியத்தை மக்குயில்ஷோச்சிட்லின் பெயரோடு வெளியிட்டு, கடல்வழிப் பரவல் என்பது ஒரு கருதுகோள் மட்டுமே என்ற திருத்தத்தையும் சேர்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.