ஐம்பது ரூபாய் ரசீதும் ஒரு செவலைப் பசுவும்: கொங்கு நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் பக்கமிருந்து சட்டமன்றத்துக்குப் போயிருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

காங்கயம் பக்கத்தில் கொஞ்சம் கொறங்காடும் (மேய்ச்சல் நிலம்) பத்துப் பன்னிரண்டு மாடுகளும் வைத்துப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தச் சட்டத்தால் எங்கள் கட்டுத்தரையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

போன மாசி மாதம், இரவு பதினொரு மணி இருக்கும். எங்கள் தோட்டத்துக் கடவுக்கு முன்னால் மேற்கே போகிற லாரி ஒன்று டயர் வெடித்து நின்றது. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். நாய் விடாமல் குரைத்ததால் நானும் வீட்டுக்காரரும் டார்ச் எடுத்துக்கொண்டு போனோம். உள்ளே மாடுகள். இறக்கிய பிறகு எண்ணிப் பார்த்தால் இருபத்து மூன்று. சாதாரண லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது 1978ஆம் வருடத்து விதி.

தலையைத் தாழ்த்த முடியாதபடி கயிற்றை மேல் கம்பியில் இழுத்துக் கட்டியிருந்தது. ஓரத்தில் ஒரு செவலைப் பசு, இரண்டு கண்ணும் வீங்கி மூடிக் கிடந்தன. என்ன பூச்சி கடித்ததோ என்று தண்ணீர் கொண்டுவந்து இமையைத் துடைத்தேன். விரலில் மிளகாய் விதை ஒட்டியது. அதன் வாலைத் தொட்டால் மூன்று இடத்தில் முடிச்சுப் போட்ட மாதிரி எலும்பு உடைந்திருந்தது. ஓட்டுநரிடம் கேட்டேன். "படுத்துட்டா மத்த மாடு மிதிச்சே கொன்னுருமுங்க. நிக்க வெக்கறதுக்கு வேற வழியில்லீங்க" என்றார். கூலிக்கு வண்டி ஓட்டுகிற பையன். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்று இரவு முழுக்க என் விரல் எரிந்தது. அதைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு எத்தனை மணி நேரம் அந்த மாடு நின்றதோ.

காவலர்கள் வந்தார்கள், வழக்கு எழுதினார்கள். மாடுகளை வைக்க இடம் இல்லாததால் எங்களிடமே விட்டுப் போனார்கள். ஒன்பது நாள் வைத்திருந்தோம். கோடைக்கு என்று போர் போட்டிருந்த சோளத்தட்டில் பாதி தீர்ந்தது. தண்ணீருக்கு ஆழ்குழாய் மோட்டாரை நிறுத்தவே இல்லை. அந்தச் செலவை நான் கேட்கவில்லை, பட்டியில் வந்து நின்ற வாயில்லா ஜீவனுக்குப் போட்ட தீவனத்துக்குக் கணக்குப் பார்க்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. எட்டாம் நாள் செவலை கண்ணைத் திறந்து, என் கையிலிருந்து அகத்திக்கீரை வாங்கித் தின்றது.

பத்தாம் நாள் மாட்டுக்குச் சொந்தக்காரர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியாயிற்று என்று ரசீதைக் காட்டினார். ஐம்பது ரூபாய். மாட்டை ஒப்படைக்கச் சொல்லும் காகிதமும் சரியாக இருந்தது. இந்தத் தடவை இரண்டு லாரி கொண்டு வந்திருந்தார். ஒன்றில் பன்னிரண்டு, இன்னொன்றில் பதினொன்று. விதிப்படி நான்கு லாரி வேண்டும். பக்கத்தில் நின்ற காவலரிடம் சொன்னேன். "நான் என்னங்க பண்றது, மறுபடி கேஸ் போட்டா மறுபடி அம்பது, மிஞ்சிப் போனா நூறு ரூவா" என்றார். செவலை பலகையில் கால் வைக்க மறுத்துத் திரும்பித் திரும்பிக் கட்டுத்தரையைப் பார்த்தது. அப்புறம் ஏற்றிவிட்டார்கள்.

உறுப்பினர்களே, அந்தக் காவலர் சொன்னதில் தப்பே இல்லை. அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் முதல் தடவைக்குப் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை அபராதம். மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் இருபத்தைந்திலிருந்து நூறு ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடித்தாலும் உதைத்தாலும் பட்டினி போட்டாலும் வலிக்க வலிக்க ஏற்றிப் போனாலும் அதே தொகை. 1960இல் போட்டது. அன்றைக்கு ஐம்பது ரூபாய்க்கு அரைப் பவுன் தங்கம் வாங்கலாம். இன்றைக்குக் காங்கயம் பேருந்து நிலையத்தில் இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிட்டால் தீர்ந்து போகிறது. இதோடு, பிடியாணை இல்லாமல் காவலர் கைது செய்யக்கூடிய குற்றங்களின் பட்டியலில் அடிப்பதும் இல்லை, இப்படி ஏற்றிப் போவதும் இல்லை.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதாவில் 325ஆம் பிரிவு இருக்கிறதே, ஐந்து வருடம் வரை சிறை உண்டே என்று உங்களில் யாராவது சொல்லக் கூடும். அது மாட்டைக் கொன்றால், முடமாக்கினால், ஒன்றுக்கும் உதவாமல் செய்தால். நான் விசாரித்தபோது, மாடு நடக்கிறது, கண் தெரிகிறது, பிறகு எப்படி அந்தப் பிரிவைப் போடுவது என்று கேட்டார்கள். எங்கள் வைத்தியத்தில் அதற்குக் கண் தெளிந்ததே அதற்கு எதிராகப் போய்விட்டது.

அதனால் கேட்கிறேன். 11ஆம் பிரிவின் தண்டனையைத் திருத்துங்கள்.

மாட்டை விற்பவர்களை நான் குறை சொல்லவில்லை. நானும் விற்றிருக்கிறேன். பால் வற்றிய மாட்டை வைத்துத் தீவனம் போட முடியாத வீட்டுக்காரர் சந்தைக்கு ஓட்டிப் போவதும், அதைக் கேரளத்துக்காரர் வாங்கிப் போவதும் ஒரு பிழைப்பு. யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பதும் என் பேச்சு இல்லை. அந்த வழியெல்லாம் மிளகாய் இல்லாமல் போகட்டும் என்கிறேன், அவ்வளவுதான். இரண்டு லாரி கூட வைத்தால் வாடகை ஆயிரக்கணக்கில் ஏறும். வைக்காவிட்டால் ஐம்பது ரூபாய். இதில் வியாபாரி எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

அபராதம் சின்னதாக இருந்தால் அது தொழில் செலவில் ஒன்றாகிவிடும் என்பதை நொய்யல் கரையில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். திருப்பூர் சாய ஆலைகள் ஆற்றில் விட்ட சாயத் தண்ணீருக்கு லிட்டருக்கு 6 பைசா, அப்புறம் 8 பைசா, அப்புறம் 10 பைசா என்று 2007இல் உயர் நீதிமன்றம் அபராதம் போட்டுப் பார்த்தது. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயியின் கிணறு அதனால் தெளியவில்லை. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்த பிறகுதான் எல்லோரும் பதறினார்கள். அதற்குள் எத்தனை தென்னை பட்டுப் போனது, எத்தனை பேர் காட்டை விற்றுவிட்டு ஊரை விட்டுப் போனார்கள்! அதைப் பேசினால் இந்த மடல் முடியாது. நான் மாட்டுக்கே வருகிறேன்.

தண்டனையை உயர்த்துவது முடியாத காரியமா? வன உயிரினச் சட்டத்தை 2022இல் திருத்தினார்கள். முதல் அட்டவணையில் இருக்கிற யானையையோ மயிலையோ கொன்றால் மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடம் சிறை, குறைந்தது இருபத்தைந்தாயிரம் அபராதம். காட்டு ஜீவனுக்கு அது வேண்டியதுதான், கோவைப் பக்கம் அவுட்டுக்காய் என்கிற நாட்டு வெடியைக் கடித்து வாய் சிதறின யானையைப் பார்த்தவர்கள் அதையும் குறைவு என்பார்கள். தோட்டத்து ஜீவனுக்கு மட்டும் 1960ஆம் வருடத்து ஐம்பது ரூபாய் போதுமா? மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்த மத்திய அரசு 2022 நவம்பரில் ஒரு வரைவு வெளியிட்டது. அது இன்னும் சட்டமாகவில்லை.

தில்லி செய்யட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டியதும் இல்லை. 2017 ஜனவரியில் கோவை வ.உ.சி. மைதானத்தில் ஜல்லிக்கட்டுக்காக உட்கார்ந்திருந்தவர்களில் என் மகனும் ஒருவன். ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம் வந்தது, 23 அன்று சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது, அந்த மாதம் முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. நீங்கள் அன்றைக்குத் திருத்தியது இதே 1960ஆம் வருடத்துச் சட்டத்தைத்தான். நாட்டு மாட்டு இனங்கள் பிழைக்க வேண்டும், நலமாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதினீர்கள். அந்த வரியை நம்பித்தான் இந்த மடலை எழுதுகிறேன். காளைக்காக மூன்று நாளில் முடிந்த வேலை பசுவுக்காக ஒரு கூட்டத்தொடரில் முடியாதா?

கோபத்தில் கொஞ்சம் நீட்டிப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது இதுதான். 11ஆம் பிரிவின் அபராதத்தை ஒரு மாட்டுக்கு இவ்வளவு என்று, ஆயிரங்களில் வையுங்கள். இருபத்து மூன்று மாட்டுக்கும் சேர்த்து ஒரே அபராதம் என்று இருக்கக் கூடாது. ஓட்டுநர் பையனோடு நிறுத்தாமல் சரக்குக்குச் சொந்தக்காரரும் பதில் சொல்லட்டும். காவலர் நேரடியாக வழக்குப் போட்டுக் கைது செய்யக்கூடிய குற்றமாக இதை ஆக்குங்கள். கால்நடை பராமரிப்புத் துறை மானியக் கோரிக்கை வரும் நாளில் உங்களில் ஒருவராவது எழுந்து இதைக் கேளுங்கள். எந்தக் கட்சிக்காரர் கேட்டாலும் சரி.

வருகிற பட்டி நோம்பிக்கு, அதாவது எங்கள் மாட்டுப் பொங்கலுக்கு, எங்கள் ஊர்ப் பக்கம் வருவீர்கள். பொங்கல் வைத்து, பட்டி பெருக வேண்டும் என்று எங்களோடு சேர்ந்து நீங்களும் சொல்வீர்கள். அதற்கு முன்னால் இதைச் செய்து கொடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஏற்றும்போது செவலையின் கழுத்திலிருந்து அறுந்து விழுந்த தும்புக் கயிறு எங்கள் கட்டுத்தரை முளையில்தான் தொங்குகிறது. வந்தால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
காங்கயம் பக்கத்தில் மாடு வளர்க்கிற ஒருத்தி