மின்சாரக் கிரெட்டா: சுந்தரத்துக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. இளையவளுக்கு மதுரையிலேயே வேலை அமைந்த செய்தி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி தந்தது. டீசல் வண்டியை விற்றுவிட்டு எங்களுடையதைப் போல ஹூண்டாயின் மின்சாரக் கிரெட்டா கார் வாங்கலாமா, சென்னை வரை ஒரே மூச்சில் வந்துவிடுமா என்று கேட்டிருந்தாய்.

வராது. 51.4 யூனிட் பேட்டரிக்கு 473 கிலோமீட்டர் என்று 2025-இல் வண்டி அறிமுகமானபோது சான்றிதழ் சொன்னது. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் உருளைகள்மீது ஓட்டி அளந்த கணக்கு. நான்குவழிச் சாலையில் ஏசி போட்டு, குடும்பத்தோடு 90 கிலோமீட்டர் வேகத்தில் போனால் யூனிட்டுக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர், அதாவது மொத்தம் 350 கிடைக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், 110-இல் விரட்டினால் முந்நூறுகூடத் தேறுவதில்லை. டீசல் வண்டிக்கு நேர்மாறாக, நெரிசல் மிகுந்த நகரத்தில்தான் இது சிக்கனமாக ஓடுகிறது; பிரேக் பிடிக்கும்போது வண்டியின் ஆற்றலில் ஒரு பகுதி மின்சாரமாகப் பேட்டரிக்கே திரும்பிவிடுகிறது.

மதுரைக்கு வரும்போது நாங்கள் பெரம்பலூர்ப் பக்கம் சாப்பாட்டுக்கு நிறுத்துகிறோம். பேட்டரி இருபது விழுக்காட்டில் இருக்கும்போது சார்ஜரைச் செருகினால், இலை எடுத்து, காபி குடித்து, குழந்தைகளைத் திரட்டிக்கொண்டு வருவதற்குள் எண்பது ஆகிவிடுகிறது. 50 கிலோவாட் சார்ஜரில் பத்திலிருந்து எண்பதுக்கு 58 நிமிடம் என்று நிறுவனம் சொல்வது பொய்யில்லை. எண்பதுக்கு மேல், குடம் நிறையும் நேரத்தில் குழாயைச் சிறிதாக்குவதுபோல, வண்டியே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். அங்கே காத்திருப்பது வீண். எரிச்சலூட்டுவது வேறொன்று: சார்ஜருக்குச் சார்ஜர் தனிச் செயலி, அதில் முன்பணம்; பொங்கல், தீபாவளிக் கூட்டத்தில் நமக்கு முன்னால் இரண்டு வண்டி நின்றால் ஒன்றரை மணி நேரம் போயிற்று. அதனால் பேட்டரி முப்பதுக்கு இறங்கும் முன்பே சார்ஜர் தேடத் தொடங்கு. முதல் இடம் பழுதாக இருந்தாலும் அடுத்த ஊர் வரை போகலாம்.

ஆனாலும் இவையெல்லாம் ஆண்டில் சில நாட்களின் தொல்லை. மற்ற நாட்களில் வண்டி இரவு எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. உனக்குத் தனி வீடு, சொந்த போர்ட்டிகோ. ஏசிக்குப் போடும் 15 ஆம்பியர் பிளக் போதும், மணிக்கு 20 கிலோமீட்டர் வீதம் விடிவதற்குள் இருநூறு ஏறிவிடும். நீயோ நாளைக்கு ஐம்பதுகூட ஓட்டுவதில்லை. அடுக்குமாடியில் இருந்துகொண்டு, சங்கத்தின் அனுமதியும் தனி மீட்டரும் இல்லாமல், பொதுச் சார்ஜரை மட்டும் நம்பி வாங்க நினைக்கும் உன் மைத்துனருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மாடியில் சோலார் இல்லாத வீட்டில் இரண்டு மாத மின்கட்டணம் மேல் ஸ்லாபுக்கு ஏறும் என்பதையும் கணக்கில் வை. அப்போதும் டீசல் செலவின் அருகில் அது வராது.

பேட்டரி வண்டியின் தரைக்கடியில் இருப்பதால் பின்னிருக்கையில் முழங்கால் சற்று உயர்ந்தே இருக்கும். ஓட்டிப் பார்க்கப் போகும்போது அம்மாவையும் அழைத்துச் சென்று அரை மணி நேரம் உட்காரவைத்துப் பார். 433 லிட்டர் டிக்கியில் நம் ஊர்ப் பயணத்துக்கான பெட்டிகள் அடங்கும்.

முன்பதிவு செய்யும் முன் எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்திங்கைச் சோதித்துவிடு. உன் வீட்டு இணைப்பு ஒருமுனையா மும்முனையா என்று எழுதினால், எந்தச் சுவர்ச் சார்ஜர் பொருந்தும் என்று விசாரித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராகவன்