தண்ணீர் இருக்கும் இடம் தெரிந்தவர்கள்

பெர்த்

அன்புள்ள முத்து,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. தங்கச்சிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது வாசல் வரை நடக்கிறாள் என்று படித்ததும் எங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதி. பேரன்களின் பள்ளி விடுமுறைக்கு மகள் எங்களை வடக்கே கிம்பர்லிக்கு அழைத்துப் போயிருந்தாள். அதனால்தான் பதில் எழுதத் தாமதம். மாட்டு வைத்தியத்திலேயே வாழ்நாளைக் கழித்தவன் நீ. அங்கே இருந்த நாளெல்லாம் உன் நினைப்புதான்.

கிம்பர்லி, மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடி. பரப்பில் தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல். மக்களோ நம் நடுத்தர ஊர் ஒன்றில் இருப்பவர்களைவிடக் குறைவு. நாங்கள் குனுனுராவில் தங்கினோம். பக்கத்தில் ஆர்ட் நதியை மறித்து உண்டாக்கிய ஆர்கைல் ஏரி இருக்கிறது. அந்த ஏரிக்கரை மேட்டில் ஒரு கல் வீடு; அதைப் பார்க்கத்தான் போனோம். டூராக் என்ற மாட்டுப் பண்ணைக் குடும்பம் 1890களில் கட்டிய வீடு அது. அணை நிரம்பினால் முழுகிவிடும் என்று, கல்லுக்குக் கல் எண் போட்டுப் பிரித்துவைத்து, 1979இல் இந்த மேட்டில் மறுபடி அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள்.

அந்தக் குடும்பம் அங்கே வந்து சேர்ந்த கதையைக் கேள். பேட்ரிக் டூராக் அயர்லாந்தில் பிறந்தவர். கிழக்கே குவீன்ஸ்லாந்தில் கூப்பர் ஓடைப் பக்கம் தைலுங்ரா என்ற பண்ணையை உருவாக்கினார். மழை வந்தால் கடல், வராவிட்டால் பாலை என்ற பூமி அது. 1879இல் அலெக்சாண்டர் ஃபாரஸ்ட் என்ற நில அளவையாளர் கிம்பர்லியைக் கடந்துபோய், ஆறும் புல்லும் உள்ள நாடு என்று அறிக்கை எழுதினார். வற்றாத தண்ணீர் என்ற நம்பிக்கையே அவர்களைக் கிளப்பியது. 1882இல் தம்பி மைக்கேல் கப்பலில் போய் ஆர்ட் நதியைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த ஆண்டே உறவினர்கள் 7,250 மாடுகளையும் 200 குதிரைகளையும் ஓட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர்! 1885 செப்டம்பரில் ஆர்ட் நதியைத் தொட்டபோது பாதி மாடுகள் மிஞ்சவில்லை. மனிதர்களிலும் சிலர் வழியிலேயே இறந்துபோனார்கள்.

வறட்சி மாதக்கணக்கில் அவர்களை ஒரே இடத்தில் கட்டிப்போட்டது. பிறகு மந்தையில் நுரையீரல் நோய் புகுந்தது. அது என்ன செய்யும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் என்னைத் தூங்கவிடாதது வேறு. இப்படி நெடுந்தொலைவு மந்தை ஓட்டியவர்கள், வழியில் ஈன்ற கன்றுகளைக் கொன்றுவிட்டுத்தான் நகர்ந்தார்கள். நேற்றுப் பிறந்த கன்று மந்தையோடு நடக்காது. அதற்காக மந்தையை நிறுத்தினால் அத்தனையும் தாகத்தில் சாகும். அன்றிரவு தாய்ப்பசு முந்தைய கிடையை நோக்கித் திரும்பி ஓடப் பார்க்கும். குதிரையில் காவல் சுற்றுகிறவன் விடிய விடிய அதை மடக்கி மடக்கிக் கொண்டுவர வேண்டும். மாட்டை நேசிக்காதவன் இந்தத் தொழிலுக்கு வரமாட்டான் என்று நீ அடிக்கடி சொல்வாய். அந்த ஆட்கள் மனதுக்குள் என்ன பாடுபட்டிருப்பார்கள்?

இதைவிட நீண்ட பயணமும் நடந்திருக்கிறது. நியூ சவுத் வேல்ஸிலிருந்து கிளம்பிய மெக்டொனால்டு சகோதரர்களின் மந்தை, மூன்று ஆண்டுகளுக்கு மேல் நடந்து 1886இல் ஃபிட்ஸ்ராய் நதிப் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. அவர்களுடைய துணிச்சலை நான் மதிக்கிறேன், முத்து. மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் அந்த நதிக்கரை ஆளில்லாத காடாக இருக்கவில்லை. மிரியுவுங், கஜெராங் என்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண் அது. வறண்ட காலத்தில் எந்த மடு வற்றும், எது வற்றாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆயிரக்கணக்கில் மாடுகள் இறங்கியதும் மடுக்கள் கலங்கிச் சேறாயின. வேட்டை விலங்குகள் விலகிப் போயின. பசித்தவர்கள் மாட்டை ஈட்டியால் குத்தித் தின்றார்கள். அதற்காக அவர்களைக் கழுத்தில் சங்கிலி பூட்டி, பிணைத்து, சிறைக்கு நடத்திப் போனார்கள். 1886இல் ஜான் டூராக் ஈட்டி பட்டு இறந்தார். அதற்குப் பழிவாங்கக் கிளம்பியவர்கள் எத்தனை பேரைச் சுட்டார்கள் என்று யாரும் ஒழுங்காகக் கணக்கு எழுதிவைக்கவில்லை. மாடுகளுக்கு மட்டும் தலை எண்ணிக் கணக்கு இருக்கிறது.

எஞ்சியவர்கள் அதே பண்ணைகளில் மாடு மேய்ப்பவர்களாக ஆனார்கள். குதிரை பழக்கியதும், சூடு போட்டதும், மழைக்காலம் முடிந்து சிதறிய மாட்டைத் தேடிப் பிடித்ததும் அவர்கள்தான். கூலியாகக் கிடைத்தது மாவு, தேயிலை, சர்க்கரை, இறைச்சி, புகையிலை. வெள்ளையருக்குச் சமமான ஊதியம் என்ற தீர்ப்பு 1966இல்தான் வந்தது. 1968 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதே 1966இல் அண்டைப் பகுதியான வேவ் ஹில் பண்ணையிலிருந்து வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் குரிஞ்சி மக்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். முதலில் ஊதியம் கேட்டவர்கள், பிறகு மண்ணையே திருப்பிக் கேட்டார்கள். 1975இல் அதில் ஒரு பகுதி அவர்கள் கைக்கு வந்தது. கிம்பர்லியிலோ, சம்பளம் கொடுக்க மனமில்லாத பல பண்ணைகள் தங்களிடம் வேலை செய்த பழங்குடி மக்களை வெளியேற்றின. பிறந்த மண்ணை விட்டு ஊரோரக் குடிசைகளில் போய் ஒண்டினார்கள்.

உனக்காகவே ஒரு செய்தி வைத்திருக்கிறேன். கிழக்குக் கிம்பர்லி மாடுகளுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்ததால், மேற்கே கொண்டுபோக அரசு தடை போட்டது. பாலைவனம் வழியாக நடத்தினால் அந்த வறட்சியில் உண்ணி செத்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். அதற்காக ஆல்ஃபிரட் கேனிங் 1906இல் வழியை அளந்தார். ஹால்ஸ் கிரீக்கிலிருந்து விலுனா வரை சுமார் 1,850 கிலோமீட்டர். 1908 முதல் 1910 வரை வரிசையாகக் கிணறுகள் வெட்டினார்கள். அந்தப் பாலையில் ஊற்று எங்கே இருக்கிறது என்று கேனிங்குக்கு எப்படித் தெரியும்? அங்கே வாழ்ந்த மனிதர்களைப் பிடித்துச் சங்கிலியில் கட்டி, தண்ணீரைக் காட்ட வைத்தார்கள். கூடப் போன சமையல்காரரே புகார் கொடுத்து, 1908இல் விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. கேனிங் குற்றமற்றவர் என்று முடிவாயிற்று. தலைமுறைகளாகக் காத்து வந்த ஊற்றுகள் மாட்டுக் கிணறுகளாகிவிட்டன. இவ்வளவும் செய்து, அந்த வழியில் போன மந்தைகள் சொற்பம். 1959இல் கடைசி மந்தை போனதோடு சரி.

அந்த வழியின் கிணறு ஒன்றின் பக்கத்தில் 1926 வாக்கில் பிறந்தவர் ரோவர் தாமஸ். பல காலம் பண்ணைகளில் மாடு மேய்த்தவர். வயதான பிறகு வார்முன் என்ற ஊரில் காவிமண்ணைக் குழைத்துப் படம் வரையத் தொடங்கினார். 1990இல் ஆஸ்திரேலியாவின் சார்பில் அவர் ஓவியங்கள் வெனிஸ் கலைவிழாவுக்குப் போயின. ஊருக்குத் திரும்பியதும் பெர்த்தில் ஒரு காட்சியகத்தில் அவர் ஓவியம் ஒன்றின் முன் வெகுநேரம் நின்றேன். பழுப்பும் கறுப்புமாகப் பரந்த பரப்பு, ஓரங்களில் வெள்ளைப் புள்ளிகள். மேலிருந்து பார்த்த நிலம் போல, வழியும் நீர்நிலையும் குன்றும் தெரிகின்றன. மாடும் இல்லை, குதிரையும் இல்லை. அங்கே நடந்த படுகொலைகளையும் அவர் இப்படித்தான் வரைந்திருக்கிறார். டூராக் குடும்பத்தின் நினைவுகளைச் சொல்ல ஏராளமான பக்கங்களும், பெயர்த்துவைத்த வீடும் இருக்கின்றன. மாட்டை மேய்த்தவர்களின் நினைவுகளை அறிய இப்படிப்பட்ட படங்களிடம்தான் போக வேண்டியிருக்கிறது. கிம்பர்லிக்குப் போகிறவர்கள் இரண்டையும் பார்க்க வேண்டும் என்று இங்கே நண்பர்கள் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

பேட்ரிக் டூராக், 1890களின் பொருளாதார வீழ்ச்சியில் எல்லாவற்றையும் இழந்து 1898இல் காலமானார். ஆர்ட் நதித் தண்ணீரில் பாசனம் செய்யலாம் என்று 1941இல் பரிசோதனை தொடங்கியவர் அவருடைய பேரன் கிம். அந்த எண்ணம் அணையாக வளர்ந்து, குடும்பத்தின் பழைய பண்ணை நிலத்தை ஏரிக்குள் கொண்டுபோனது. மிரியுவுங் மக்களின் புனித இடங்களும் அதே நீரில் முழுகின. அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மண்ணின் மீது அவர்களுக்குள்ள உரிமையை நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் மேல்முறையீடு.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பல நாள் தண்ணீர் காணாத மந்தை, தூரத்தில் நீர் வாசனை பட்டதும் தறிகெட்டு ஓடி, ஒன்றை ஒன்று மிதித்துச் சாகுமாம். அப்படி வருகிற மாட்டை எப்படி நிதானமாகத் தண்ணீருக்கு விடுவது? வயிறு முட்டக் குடித்தால் என்ன ஆகும்? பெரிய பேரன் கேட்டான். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுது. தங்கச்சியைப் படி ஏற வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
சீனு