நல்ல பாட்டுன்னு சொல்றதுல காதுக்கு எவ்வளவு பங்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழமை இணைப்புல ஒரு பெரியவர் "இப்பல்லாம் நல்ல பாட்டே வர்றதில்ல"ன்னு அரைப் பக்கத்துக்கு ஆதங்கப்பட்டிருந்தாரு. பக்கத்தத் திருப்புனா ஒரு புதுப் படத்துப் பாட்ட ஒரே நாள்ல இத்தன லட்சம் பேர் பாத்துட்டாங்க, சூப்பர் ஹிட்டுன்னு நீங்களே கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்க. டீக்கடைல உக்காந்து ரெண்டையும் ஒண்ணாப் படிச்சேன். ஒருத்தர் மோசம்ங்கறாரு, இன்னொருத்தர் சூப்பர்ங்கறாரு, ஆனா பாட்டு காதுக்கு எப்படி இருந்துச்சு, குரல் எப்படி, தாளம் எப்படி, எந்த எடத்துல தூக்குது எந்த எடத்துல படுத்துருதுன்னு ரெண்டு பக்கத்துலயும் தேடுனாலும் ஒரு வரி கெடையாது. அதப் பத்திதான் எழுதணும்னு தோணுச்சு, கொஞ்சம் நீளமாப் போகும், வெட்டிப் போட்டாலும் பரவால்ல.

நான் பட்டுக்கோட்டை பக்கம் மைக் செட் தொழில் பண்றவன். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, ஆர்கெஸ்ட்ரா, விடிய விடிய பாட்டோட நடக்கற ஸ்பெஷல் நாடகம், தஞ்சாவூர் கும்பகோணம்னு சபா கச்சேரி, எலெக்சன் வந்தா கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் போவேன். எனக்கு ராகம் கண்டுபுடிக்கல்லாம் தெரியாது. ஆனா எங்க தொழில்ல ஒரு வசதி, சத்தத்தக் கூட்டிக் கொறைக்கற மிக்சர் பொட்டி பக்கத்துல உக்காந்தா மேடையும் தெரியும், கூட்டத்து மூஞ்சியும் தெரியும். யாரு எப்ப தலையாட்டுறாங்க, எப்ப எந்திரிச்சுப் போறாங்கன்னு பல வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன்.

மொதல்ல வால்யூம். இத யாரும் ஒத்துக்க மாட்டாங்க ஆனா இதான் நெசம். ஒரே பாட்ட ரெண்டு தடவ போட்டு, ரெண்டாவது தடவ ஒரு பொட்டு சத்தம் ஏத்தி வச்சா, கேக்குறவரு "சத்தம் கூட இருக்கு"ன்னு சொல்ல மாட்டாரு, "இது நல்லா இருக்கு, க்ளியரா இருக்கு"ம்பாரு. ஆம்ப்ளிஃபயர் விக்கிற கடைக்காரங்களுக்கு இந்த வித்தை அத்துப்படி, எத விக்கணுமோ அத ஒரு டெசிபல் தூக்கி வச்சுப் போட்டுக் காட்டுவாங்க. இதுக்குக் காரணமும் இருக்கு. சத்தம் கம்மியா இருந்தா நம்ம காதுக்கு அடிச்சத்தம், அதாங்க பேஸு, சரியாவே கேக்காது, நடுவுல இருக்குற சத்தம் மட்டும்தான் கேக்கும். ஏத்த ஏத்த பேஸும் மேல் சத்தமும் சேந்துக்கிட்டு பாட்டு ரொம்புன மாதிரி ஆயிடும். அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேரு 1933-லயே இத அளந்து கோடு போட்டு வச்சுட்டாங்க. எங்கப்பா காலத்துல பனமரத்துல கட்டுன குழாய் ஸ்பீக்கர்ல பேஸே வராது, குரலும் நாயனமும் மட்டும் கணீர்னு ரெண்டு ஊர் தாண்டிப் போகும், அதுல கேட்டு வளந்தவங்களுக்கு அதான் பாட்டு. இப்ப உள்ள பசங்களுக்கு பாக்ஸ் முன்னாடி நின்னா நெஞ்சு அதிரணும், அதிரலன்னா "என்னண்ணே செட்டு டம்மியா இருக்கு"ன்னு எங்கிட்டயே வந்து நிப்பாங்க. ரெண்டு பேருமே சொல்றது பாட்டப் பத்தின்னு நெனைச்சுக்கிட்டு ஸ்பீக்கரப் பத்தி.

ஸ்பீக்கர் கூட வேணாம், கை போதும். ஒரு கச்சேரில பாடுறவரு மானிட்டர்ல, அதாவது அவரு கேக்கறதுக்குன்னு மேடைல வச்ச ஸ்பீக்கர்ல, சுருதி பத்தல பத்தலன்னு மூணு தடவ சைகை காட்டுனாரு, அதுக்கு மேல ஏத்துனா கூவும், ஃபீட்பேக் ஆயிடும். அதனால நாப்ல கைய வச்சு திருப்புற மாதிரி பாவனை பண்ணிட்டு எடுத்துட்டேன். அவரு ஒரு நிமிஷம் கண்ண மூடிக் கேட்டுட்டு "ம், இப்ப சரியா இருக்கு"ன்னு தலையாட்டுனாரு. நல்ல வித்வான்ங்க அவரு, காது இல்லாதவரு கெடையாது. இது மைக் செட்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வேலைதான், யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க.

கூட்டமும் அப்படித்தான். தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கம் மாதிரி தாள வாத்தியம் மட்டும் தனியா வாசிக்கற கட்டம், நடக்கும்போது பாருங்க, பாதி ஹால் கேண்டீனுக்குப் போயிருக்கும், மிச்சம் இருக்கறவங்கள்ல முன் வரிசைல நாலஞ்சு பேரு தொடைல தாளம் போடுவாங்க. மிருதங்கக்காரரு முடிக்கும்போது மூணு தடவ வாசிக்கற கோர்வைங்கற தாளக் கட்ட மொத தடவ வாசிக்கும்போதே அவங்க முகம் மாறும், ரெண்டாவது தடவ ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவாங்க, மூணாவது தடவ வந்து விழுந்ததும் அவங்க கை தட்டுவாங்க. பின்னாடி இருக்கற மொத்த ஹாலும் அவங்க கையப் பாத்துத்தான் தட்டும், ஒரு அரை செகண்ட் லேட்டா. வீட்டுக்குப் போகும்போது எல்லாரும் "தனி பிரமாதம்"னுதான் சொல்லிக்கிட்டுப் போவாங்க. பொய்னு சொல்லல, அவங்களுக்கு அது உண்மையிலயே பிரமாதமாத்தான் கேட்டுருக்கும்.

கண்ணு பண்ற வேலை இன்னும் மோசம். 2013-ல சியா-ஜுங் சாய்னு ஒரு ஆராய்ச்சியாளர், சர்வதேச சங்கீதப் போட்டிகள்ல மொத மூணு எடத்துக்கு வந்தவங்களோட ஆறு செகண்ட் துண்டுகள எடுத்து, இதுல ஜெயிச்சது யாருன்னு ஆளுங்கள சொல்லச் சொன்னாங்க. சத்தத்த மட்டும் கேட்டவங்க குருட்டாம்போக்குல சொல்றத விட மேல போகல. சத்தமே இல்லாம வீடியோவ மட்டும் பாத்தவங்கதான் அத விடக் கூடுதலா, பாதிக்குப் பக்கமா கரெக்டா சொல்லியிருக்காங்க. சங்கீதத்தையே தொழிலா வச்சிருக்கறவங்களுக்கும் இதே கதிதான். அப்ப அந்தப் போட்டிக்கு உக்காந்திருந்த ஜட்ஜுங்க எத வச்சு மார்க் போட்டாங்கன்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

இப்ப உங்க லட்சக் கணக்குக்கு வர்றேன். 2006-ல சயின்ஸ் பத்திரிகைல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ்னு மூணு பேரு பண்ணது, காலேஜ் படிக்கற எம்பொண்ணுதான் எனக்குப் படிச்சு வெளக்குனா. யாருக்கும் தெரியாத பேண்டுங்களோட 48 பாட்ட ஒரு வெப்சைட்ல போட்டு 14,000 பேருக்கு மேல கேக்க வச்சாங்க, கேட்டுட்டு மார்க் போடலாம், புடிச்சா டவுன்லோட் பண்ணிக்கலாம். கொஞ்சம் பேருக்கு பாட்டும் பேண்ட் பேரும் மட்டும் காட்டுனாங்க. மத்தவங்கள எட்டுக் கூட்டமா பிரிச்சு, அந்தந்தக் கூட்டத்துல முன்னாடி வந்தவங்க எத எத்தன தடவ டவுன்லோட் பண்ணாங்கன்னு நம்பரையும் சேத்துக் காட்டுனாங்க. எட்டுலயும் அதே பாட்டுங்க, எல்லாம் சைபர்லேர்ந்துதான் ஆரம்பம். ஆனா ஒவ்வொரு கூட்டத்துலயும் வேற வேற பாட்டு ஹிட்டு! ஒரு பாட்டு, நம்பர் காட்டாதவங்ககிட்ட 26-வது எடம், ஒரு கூட்டத்துல மொத எடம், இன்னொரு கூட்டத்துல 40-வது எடம். ஆரம்பத்துல வந்த நாலு பேரு தற்செயலா எத அமுக்குனாங்களோ அது பின்னாடி வந்தவங்க காதுக்கும் நல்லாப் போச்சு.

இதனால ரசனையே சும்மா ஏமாத்துன்னு நான் சொல்ல வரல. ரொம்ப நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போனது அபூர்வம், ரொம்ப மோசமானது உச்சிக்கு வந்ததும் அபூர்வம். நடுவுல கெடக்குற பெருங்கூட்டந்தான் யாரு கையில சிக்குதோ அவங்க இஷ்டம். அப்புறம் அந்த மூணு பேர்ல ரெண்டு பேரு சேந்து 2008-ல இன்னொரு வேலை பண்ணாங்க, டவுன்லோட் பட்டியல வேணும்னே தலைகீழாக் கவுத்துக் காட்டுனாங்க, கடைசில இருந்தத மொதல்ல இருக்கற மாதிரி. சில பாட்டு அந்தப் பொய் நம்பர வச்சே ஓடிடுச்சு, ஆனா நெசமா நல்ல பாட்டுங்க மெல்ல மெல்ல மேல ஏறி வந்துச்சு. அத விட எனக்குப் புடிச்ச விஷயம், பொய் நம்பர் காட்டுன எடத்துல மொத்தமா டவுன்லோடே கொறஞ்சு போச்சு. பேப்பர்க்காரங்க இத ஒருக்கா நல்லா யோசிக்கணும். பெருசா இல்லாத பாட்டுக்கெல்லாம் சூப்பர் ஹிட்டு சூப்பர் ஹிட்டுன்னு போட்டுக்கிட்டே இருந்தா, படிக்கறவன் அந்தப் பாட்ட மட்டும் இல்ல, எல்லாப் பாட்டையும் கேக்கறத விட்டுருவான்.

"நல்ல பாட்டே வர்றதில்ல"ன்னு எழுதுன பெரியவருக்கு ஒண்ணே ஒண்ணு. ஆர்கெஸ்ட்ராவுல கூட்டத்துலேர்ந்து சீட்டு வரும், இந்தப் பாட்டு பாடுங்கன்னு. சீட்டப் படிச்சா அத எழுதுனவரு வயச சொல்லிடலாம், மீசை மொளைக்கற வயசுல எது ஓடுச்சோ அதத்தான் கேப்பாங்க. எம்பது தொண்ணூறுகள்ல வந்ததுல மோசமான பாட்டும் லாரி லாரியா இருந்துச்சு சார், அந்தக் கேசட்ட மறுபடி யாரும் போடல, அதனால மறந்து போச்சு, அவ்வளவுதான்.

சரி, அப்ப காதால கேட்டு முடிவு பண்றவங்களே கெடையாதான்னு கேட்டா, இருக்காங்க, நான் பாத்திருக்கேன். புதுக்கோட்டை, அறந்தாங்கி பக்கம் ஸ்பெஷல் நாடகத்துக்கு செட் போடப் போவேன் (விடிய விடிய மைக்குக்கு பர்மிஷன் வாங்க ஸ்டேஷனுக்கு அலையறது தனிக் கத). வள்ளி திருமணம்னா ராத்திரி பத்து மணிக்கு பபூன் வந்து, நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் முடியறதுக்குள்ள கெழக்கு வெளுத்துரும். மேடை ஓரத்துல ஆர்மோனியக்காரரு உக்காந்து பின்பாட்டும் பாடுவாரு. ராஜபார்ட், அதாவது கதாநாயகன் வேஷக்காரரு, தாளம் இல்லாம பாடற ஒரு விருத்தத்த மேல் கட்டைல இழுத்து நிறுத்துவாரு, ஆர்மோனியம் அவர் பின்னாடியே ஓடி அதே எடத்துல போயி நிக்கும், அந்த நேரம் பாய் போட்டு உக்காந்திருக்கற கெழவிலேர்ந்து சின்னப் பய வரைக்கும் ஒரு சத்தம் வரும் பாருங்க. உடனே ஒருத்தர் எந்திரிச்சு மேடைக்குப் போயி நூறு ரூபாய நீட்டுவாரு, மைக்ல அவர் பேரச் சொல்லுவாங்க. இழுவை சரியா நிக்கலன்னா நோட்டு வராது, அங்கங்க பீடி பத்த வச்சுருவாங்க. இதுலயும் பேரு மைக்ல வரணும்ங்கற ஆசை, சாதிக்காரன் ஊர்க்காரன்ங்கற கணக்கு எல்லாம் உண்டுதான், ஆனா எந்த எடத்துக்குக் குடுத்தேன்னு அந்த ஆளக் கேட்டா டக்குன்னு அந்த வரியப் பாடிக் காட்டுவாரு. எனக்கு அது போதும்.

அதே ஆர்மோனியத்த ஆல் இந்தியா ரேடியோவுல 1940-லேர்ந்து தடை பண்ணி வச்சிருந்தாங்க, 1971-லதான் கொஞ்சம் தளர்த்துனாங்க. தாகூரே அந்தப் பொட்டி வேணாம்னவருதான். கட்டைக்குக் கட்டை சுரம் தனித்தனியா நிக்கும், நடுவுல வழுக்கிப் போக முடியாது, கமகம், அதாவது சுரத்த அசைச்சு இழைக்கறது, வராதுன்னு காரணம் சொன்னாங்க. எங்க நாடகக்காரங்களுக்கு இதுல ரொம்ப நாளு வருத்தம், எனக்கும் அந்தத் தடை அநியாயம்னுதான் படுது. ஆனா ஒரு விஷயத்துல அவங்கள மதிக்கணும், சொன்ன காரணம் காதுல கேட்டத வச்சு சொன்னது. வேணும்னா நீங்களும் கேட்டுப் பாத்துட்டு ஆமாங்கலாம், இல்லன்னு சண்ட போடலாம். "ஒரே நாள்ல இத்தன லட்சம்"ங்கறதோட என்னத்தப் போட்டு சண்ட போடறது?

அதனால நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. கச்சேரி விமர்சனம்னு போடறீங்க, அதுல பட்டுப்பொடவ கலரு, முன் வரிசைல உக்காந்த வி.ஐ.பி. பேரு, பாடுன பாட்டு லிஸ்ட்டு, கடைசில "ரசிகர்களை மெய்மறக்கச் செய்தார்". யாரு மெய் மறந்தா? நான் பாத்தவரைக்கும் பாதிப் பேரு போன நோண்டிக்கிட்டு இருந்தாங்க. ஏதாவது ஒரு எடத்தப் புடிச்சு எழுதச் சொல்லுங்க, இந்த ஆலாபனைல இந்த எடத்துல குரல் ஏறல, ஆனா எறங்கி வரும்போது அழகா வந்துச்சு, வயலின் அத வாங்கி இப்படித் திருப்பிக் குடுத்துச்சு, மைக் செட் சரியில்ல மிருதங்கம் இரைச்சல்னு இருந்தா அதையும் எழுதுங்க, எங்களுக்கும் புத்தி வரும். சினிமாப் பாட்டுக்கும் அதே மாதிரி, வியூஸ் கணக்குக்கு பதிலா ரெண்டு வரி கேட்டு எழுதுனாப் போதும்.

இன்னொண்ணு. நீங்க வருஷா வருஷம் பள்ளிக்கூடப் புள்ளைங்களுக்கு பாட்டுப் போட்டி நடத்தறீங்க. அமெரிக்காவுல பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள்ல ஆளு எடுக்கும்போது நடுவுல தெரை கட்டி வாசிக்கச் சொல்ற வழக்கம் வந்துச்சு, செருப்புச் சத்தத்துல பொம்பளையா ஆம்பளையான்னு தெரிஞ்சுரும்னு சில எடத்துல கம்பளம் கூட விரிச்சாங்க. 1970 வாக்குல மேல்மட்ட அஞ்சு ஆர்கெஸ்ட்ராவுல நூத்துக்கு அஞ்சு பேரு கூட பொண்ணுங்க இல்ல, 90கள்ல கால்வாசிக்கு வந்துட்டாங்க. தெரை மட்டும்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா கெடுதல் ஒண்ணும் நடக்கலல்ல? நம்ம போட்டிலயும் புள்ளைங்க பேரு, பள்ளிக்கூடம், டீச்சர் பேரு எதுவும் சொல்லாம, நம்பர் மட்டும் சொல்லி தெரைக்குப் பின்னாடி பாடச் சொல்லுங்க. பட்டுப் பாவாடைக்கும் நல்ல இங்கிலீஷுக்கும் மார்க் போறது நிக்குதான்னு பாப்போம். எல்லாப் புள்ளைக்கும் ஒரே வால்யூம் வைக்க வேண்டியது என் பொறுப்பு. செட்டு ஃப்ரீ, தெரைத் துணியும் நானே கொண்டாறேன், சாமியானாக்காரர் தெரிஞ்சவருதான். தேதிய மட்டும் மார்கழில வச்சுராதீங்க, கோயில் ஆர்டர் எல்லாம் இப்பவே புக் ஆயிடுச்சு.

இப்படிக்கு,
ஒரு மைக் செட்காரன்,
பட்டுக்கோட்டை.